கொலராடோ ஆற்றை டிஎம்சியில் பிரித்தது தப்பு, சதவீதத்தில் பிரித்திருக்க வேண்டும்

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே நிற்கும் ஹூவர் அணையைப் பற்றி வரும் பதிவுகள் பெரும்பாலும் அதன் உயரத்தோடு நின்றுவிடுகின்றன. 726 அடி, 1935, பொறியியல் சாதனை, அவ்வளவுதான். அணைக்குப் பின்னால் இருக்கும் மீட் ஏரி 2000-க்குப் பிறகு ஏன் இவ்வளவு வற்றியது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. ராக்கி மலையில் பனி குறைந்ததும், வெயில் கூடி உருகிய நீரை மண்ணே குடித்துவிடுவதும் காரணங்கள்தான். ஆனால் 1922-இல் போட்ட ஒரு ஒப்பந்தம் அதைவிடப் பெரிய காரணம் என்பேன்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் தண்ணீருக்கு ஒரு பழைய விதி உண்டு. யார் முதலில் எடுத்துப் பயன்படுத்தினாரோ அவருக்கே முதல் உரிமை. இந்த விதி மாநில எல்லை தாண்டியும் செல்லும் என்று 1922 ஜூனில் உச்ச நீதிமன்றம் வயோமிங், கொலராடோ வழக்கில் சொல்லிவிட்டது. கலிஃபோர்னியா வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நேரம். எல்லாவற்றையும் அவர்களே முதலில் எடுத்துக்கொள்வார்கள் என்று மேல்மடை மாநிலங்களுக்குப் பயம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 24-இல் சாண்டா ஃபே நகரில், ஆற்றைப் பங்குபோடும் ஒப்பந்தத்தில் அது பாயும் ஏழு மாநிலங்களின் பிரதிநிதிகளும் கையெழுத்திட்டார்கள். தலைமை வகித்தவர் அப்போது வணிகத்துறைச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர்.

ஆற்றை லீ ஃபெர்ரி என்ற இடத்தில் மேல், கீழ் என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி என்று எழுதினார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஏக்கர்-அடி. நமக்குப் பழகிய கணக்கில் ஆளுக்கு 327 டிஎம்சி. 1944-இல் மெக்சிகோவுக்கு 65 டிஎம்சி ஒதுக்கினார்கள். ஆக மொத்தம் 719. 2000-க்குப் பிறகு ஆற்றில் சராசரியாக வருவது ஏறத்தாழ 540 டிஎம்சி.

1922-இல் அவர்கள் கையில் இருந்தது இருபது ஆண்டுகளை ஒட்டிய அளவீடு மட்டும். அந்த ஆண்டுகள் வழக்கத்துக்கு மீறிய ஈரமான ஆண்டுகள் என்று பிற்பாடு மரங்களின் ஆண்டு வளையங்களை அளந்து கண்டுபிடித்தார்கள். மரவளையம் வரை போயிருக்கவும் வேண்டாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் நீரியலாளர் இ.சி. லாரூ, ஆற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லை என்று அந்தக் காலத்திலேயே எச்சரித்தார். அவர் பேச்சு எடுபடவில்லை.

மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டால் காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், ஒப்புதல் வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. 1928-ஆம் ஆண்டுச் சட்டத்தில் காங்கிரஸ் அந்த ஒப்புதலைத் தந்தது. ஹூவர் அணை கட்ட வழிசெய்ததும் அதே சட்டம். கீழ்மடையின் 327-இல் கலிஃபோர்னியாவுக்கு 192, அரிசோனாவுக்கு 122, நெவாடாவுக்கு 13 என்று கணக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குப் பாசன மாவட்டம் ஒன்றுக்கு மட்டும் சுமார் 135 டிஎம்சி உரிமை. அரிசோனா மாநிலம் முழுவதற்கும் கிடைப்பதைவிட இது அதிகம். அதில் பெரும்பங்கு குதிரைமசால் போன்ற மாட்டுத்தீவனத்துக்கும் காய்கறிக்கும் பாய்கிறது.

அணையைக் கட்டியவர்களின் கவனத்தைப் பாருங்கள். கான்கிரீட் இறுகும்போது சூடாகும். மொத்த அணையையும் ஒரே மூச்சில் வார்த்திருந்தால் அந்தச் சூடு ஆற 125 வருஷம் பிடித்திருக்கும், அதற்குள் விரிசலும் விட்டிருக்கும். அதனால் தனித்தனிக் கட்டங்களாக, ஒரு வார்ப்புக்கு ஐந்தடி என்று உயர்த்தினார்கள். ஒவ்வொரு வார்ப்புக்குள்ளும் ஓரங்குல இரும்புக் குழாய்களைப் பதித்து, முதலில் ஆற்றுநீரையும் பிறகு குளிரூட்டிய நீரையும் ஓடவிட்டார்கள். குழாய்களின் மொத்த நீளம் 582 மைல். ஆறிய பிறகு அவற்றையும் சிமென்ட் கூழால் அடைத்தார்கள். கான்கிரீட்டின் சூட்டுக்கு இவ்வளவு கணக்குப் போட்ட அதே நாட்டில், பாலைவன வெயிலில் கிடக்கும் ஏரியிலிருந்து ஆவியாகும் தண்ணீரை யார் பங்கிலும் கழிக்கவில்லை. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கூட்டிப் பாருங்கள். மேலே பாவல் ஏரியிலிருந்து வழக்கமாகத் திறக்கும் நீரும் வழியில் சேரும் ஓடைகளும் சேர்ந்து மீட் ஏரிக்கு வரவு சுமார் 392 டிஎம்சி. கீழ்மடை மாநிலங்களுக்கு 327, மெக்சிகோவுக்கு 65, அதுவும் 392. சரியாகிவிட்டது போலத் தெரியும். ஆவியாவதும் ஆற்றுவழியில் வீணாவதும் சேர்ந்து சுமார் 52 டிஎம்சி இருக்கிறதே, அது எங்கிருந்து வரும்? ஏரியின் இருப்பிலிருந்துதான். வறட்சியே இல்லாத சராசரி ஆண்டிலும் ஏரி இறங்கும்.

பற்றாக்குறை வந்தாலும் எல்லோருக்கும் சமமாக வெட்டு விழாது. அரிசோனா தன் பங்கை 336 மைல் கால்வாயில், சுமார் 2,900 அடி உயரத்துக்கு ஏற்றி ஃபீனிக்ஸ், டூசான் வரை கொண்டுபோகிறது. அந்தத் திட்டத்துக்கு 1968-இல் காங்கிரஸில் ஆதரவு கிடைப்பதற்காக, பஞ்சத்தில் கலிஃபோர்னியாவுக்குத்தான் முன்னுரிமை என்று ஒப்புக்கொண்டார்கள். 2021 ஆகஸ்டில் முதன்முதலாகப் பற்றாக்குறை அறிவித்தபோது, 2022-க்கான அரிசோனாவின் ஒதுக்கீட்டில் 18 சதவீதம் போனது. கலிஃபோர்னியாவுக்கு வெட்டே இல்லை. படுகையில் வாழும் 30 பழங்குடி இனங்களுக்கு 1922 ஒப்பந்தத்தில் கிடைத்தது ஒற்றை வரி, அதிலும் அளவு எதுவும் கிடையாது.

மாற்றுவழி அவர்கள் ஊரிலேயே இருக்கிறது. 1948-இல் மேல்மடை மாநிலங்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டபோது சதவீதத்தில் பிரித்தன. அரிசோனாவின் ஒரு மூலைக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் கொலராடோ 51.75, யூட்டா 23, வயோமிங் 14, நியூ மெக்சிகோ 11.25. ஆறு குறைந்தால் நால்வர் பங்கும் சேர்ந்தே குறையும். மீட், பாவல் ஏரிகளின் இப்போதைய இயக்க விதிகள் 2026-ஓடு முடிகின்றன. அடுத்த விதிகளில் மேல், கீழ் இரண்டு பகுதிக்கும் இந்த முறைதான் வர வேண்டும், ஆவியாதலைக் கழித்த பிறகே பங்கு பேச வேண்டும் என்பேன்.

தொடர்ந்து கவனிக்க விரும்புகிறவர்கள் அமெரிக்க நீர்வள மீட்புத் துறை மாதாமாதம் வெளியிடும் 24 மாத முன்கணிப்பைப் பாருங்கள். ஆகஸ்ட் மாதத்து அறிக்கையை வைத்துத்தான் மறு ஆண்டின் வெட்டு முடிவாகிறது. மீட் ஏரிக்கு, கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் மூன்று மட்டங்களை நினைவில் வைத்தால் போதும். 1,075 அடியில் பற்றாக்குறை அறிவிப்பு. 950-இல் மின் உற்பத்தி நிற்கும். 895-க்குக் கீழே போனால் அணையைத் தாண்டி ஒரு சொட்டும் இறங்காது. 2022 ஜூலையில் மட்டம் சுமார் 1,040 அடி.