வெளிச்சம் இல்லாத தோணிக்கும் நியாயம் இருக்கு

எட்டு வருடத்துக்கு முந்தி ஒரு இரவு, மட்டக்களப்பில் குருமண்வெளிப் பக்கம் ஆற்றில் (வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம்) வலை போட்டுக்கொண்டு நின்ற மாமாவின் தோணியை ஒரு இயந்திரப் படகு இடித்து உடைத்துவிட்டது. ஓட்டியது சம்பளத்துக்கு நின்ற பொடியன். விடிந்ததும் படகின் முதலாளி வந்து, "உன்னட்ட வெளிச்சம் இல்லைதானே" என்று ஒரே சொல்லில் கதையை முடித்தார். டோர்ச் பற்றரி போயிருந்தது உண்மைதான். மாமாவும் பேசாமல் இருந்துவிட்டார். "மனே, வழக்குக்குப் போற காசுக்குப் புதுத் தோணி வாங்கலாம்" என்றார். தோணி, வலை, மூன்று மாத உழைப்பு எல்லாம் அவர் தலையில்.

இதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. கப்பல்கள் மோதினால் என்ன செய்வது என்று 1910இல் பிரசல்ஸில் செய்த உடன்படிக்கை, இரண்டு பக்கமும் பிழை என்றால் அவரவர் பிழையின் அளவுக்கு நட்டத்தைப் பிரிக்கச் சொல்கிறது. அளக்க முடியாவிட்டால் பாதிக்குப் பாதி. வெளிச்சம் இல்லாதது மாமாவின் பிழை, சரி. இருட்டில் முன்னால் பார்க்காமல் வேகமாக வந்தது யாருடைய பிழை? கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கவனித்துக்கொண்டே போக வேண்டும் என்பது கப்பல் மோதலைத் தவிர்க்கும் சர்வதேசக் கடல் விதிகளில் 5ஆம் விதி. ஆற்றுக்கு மட்டும் அந்த நியாயம் வேறா?

அடுத்தது முதலாளி விஷயம். 2019 மே 29 இரவு, புடாபெஸ்டில் டானூப் ஆற்றில், மழைக்குள், பின்னால் வந்த பெரிய உல்லாசக் கப்பல் ஹப்லெயான் என்ற சின்னச் சுற்றுலாப் படகை மோதி மூழ்கடித்தது. 35 பேரில் தப்பியது 7 பேர். 2023இல் கப்டனுக்கு ஐந்தரை வருடச் சிறை விதித்தார்கள். அது சரியான தீர்ப்பு. ஆனால் சுக்கான் பிடித்தவனோடு பொறுப்பு நின்றுவிடக் கூடாது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் பால்டிமோர் பாலத்தை இடித்த டாலி கப்பல் கொழும்புக்குத்தான் வர இருந்தது. பாலத்தில் வேலை செய்த ஆறு தொழிலாளர்கள் செத்தார்கள். கப்பல்காரர்களோ 1851ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தைக் காட்டி, தங்கள் பொறுப்பை ஏறத்தாழ 4 கோடி 37 இலட்சம் டொலரோடு நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் போனார்கள். கப்பலின் பெறுமதி, சரக்குக் கூலி என்று கணக்குப் பார்த்து வந்த தொகை அது. செத்தவர்களின் வீட்டில் என்ன இழப்பு என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. எனக்கு வயிறு எரிகிறது.

வாற மீனவர் சங்கக் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறேன். மோதல் நடந்தால் பிழையை இரண்டு பக்கமும் எழுதிப் பிரிக்க வேண்டும், ஓட்டினவனின் பங்கைப் படகுச் சொந்தக்காரர் கட்ட வேண்டும். மாமாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.