ஜிமேட் 645-ஐ பழைய அளவுல பாக்காதீங்க
எம்பிஏ படிக்க எழுதற ஜிமேட் தேர்வுல 645 சுமார் ஸ்கோர், 700 தாண்டலன்னா காலேஜுக்கு அப்ளை பண்றதே வேஸ்ட்னு இங்க ஒரு பதிவுல சொல்லியிருக்கு. அது பழைய டெஸ்ட்டோட கணக்குங்க. 2024 ஜனவரியோட அந்த டெஸ்ட் முடிஞ்சுது, இப்போ இருக்கறது 205-ல இருந்து 805 வரைக்கும் போற வேற ஸ்கேல், அதுல 645 வாங்கறது பழசுல கிட்டத்தட்ட 700 வாங்குன மாதிரி. கடைசி இலக்கத்தைப் பாருங்க, 0-ன்னா பழசு, 5-ன்னா புதுசு, அவ்ளோதான் வித்தியாசம் கண்டுபிடிக்க. ஜிமேட் நடத்தறவங்களோட எம்பிஏ டாட் காம் சைட்ல ரெண்டு ஸ்கோரையும் ஒப்பிடற டேபிளே இருக்கு, அதுல பெர்சன்டைலயும் (எழுதுனவங்கள்ல எத்தனை சதவீதம் பேரை விட நீங்க மேலன்னு காட்டறது) சேர்த்துப் பாத்துக்கோங்க. 645 வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு அந்தப் பதிவை நம்பி அப்ளை பண்ணாம விட்றாதீங்க, நல்ல ஸ்கோர் அது.