அதே ஜோக்குதான், தினமும் வேண்டும்

முப்பத்தோரு வருஷம் ஒரே மேடையில் ஓடிய ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி நின்றுபோனதற்கு வருத்தப்படக் கூடாதாம். "அதே ஜோக்கை எத்தனை காலம்தான் மக்கா பார்ப்பது?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நேரில் பேசினால் யாராவது இடையில் புகுந்து பேச்சை வேறு பக்கம் கொண்டுபோய்விடுகிறார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள், ஏனென்றால் கடைசியில் நம் குமரி மாவட்டத்து விஷயத்துக்குத்தான் வரப்போகிறேன்.

நான் சொல்வது கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் நடந்த 'கோல்டன் ஹார்ஸ்ஷூ ரெவ்யூ'. 1955 ஜூலையில் அந்தப் பூங்கா திறந்தபோதே இதுவும் தொடங்கிவிட்டது. கௌபாய் காலத்து மதுக்கடை மாதிரி கட்டிய சின்ன அரங்கு, ஆனால் குடிக்கக் கிடைத்தது குளிர்பானம்தான். பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு, நடுவில் வாலி போக் என்று ஒரு மனுஷன் உண்டு. ஊர் ஊராகப் போகும் வியாபாரி வேஷத்தில் வந்து பலூனை முறுக்கி மிருகங்கள் செய்வார். அப்புறம் பெக்கோஸ் பில் என்ற கௌபாயாக வருவார், வாயில் அடி விழும், பல் உதிர்ந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகத் துப்புவார். துப்புவார், துப்புவார், கூட்டம் சிரித்து அடங்கும் நேரம் பார்த்து இன்னொன்று துப்புவார். பல் என்பது வாயில் அடக்கிவைத்த பீன்ஸ் விதை, அவ்வளவுதான் சூட்சுமம்.

இரண்டு வாரத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு வந்தவர் இவர். 1982 ஜனவரியில்தான் ஓய்வுபெற்றார். நடுவில் 1971-ல் ஃப்ளோரிடாவில் திறந்த புதிய பூங்காவில் இதே மாதிரி ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கிவைக்கப் போயிருந்தார், பிறகு திரும்பி வந்துவிட்டார். அவர் செய்த காட்சிகளின் எண்ணிக்கை 40,000-ஐ நெருங்கியது. கூட நடித்த பெட்டி டெய்லர் 1956-ல் சேர்ந்தவர், அவரும் அங்கேயே நிலைத்துவிட்டார். நிகழ்ச்சி 1986 அக்டோபர் 12-ம் தேதி முடிந்தது. அதிகத் தடவை நடந்த மேடை இசை நிகழ்ச்சி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியிருந்த நிகழ்ச்சி அது. வாலி போக் 2011 ஜூன் 3-ம் தேதி இறந்தார், மறுநாளே பெட்டி டெய்லரும் இறந்துபோனார். இதை வாசித்தபோது எனக்கு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை.

சரி, அதே ஜோக் என்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

பூங்காவுக்கு வருகிற கூட்டம் தினமும் புதுசு. குடும்பத்தோடு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு அந்தப் பல் துப்புகிற வேடிக்கை முதல் தடவைதான். பழசு என்பது மேடையில் நிற்கிறவருக்கு மட்டும்தான், அந்தப் பழசைக் கூட்டத்துக்குத் தெரியாமல் மறைப்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. நேற்று வயிறு வலிக்கச் சிரித்த இடத்தில் இன்று ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். வெயிலில் சுற்றிக் களைத்த கூட்டம், பசியில் அழுகிற குழந்தை, முன் வரிசையில் முகத்தை இறுக்கிக்கொண்டு ஒரு பெரியவர், எல்லாவற்றையும் முதல் இரண்டு நிமிஷத்தில் அளந்துவிட்டு அதற்கேற்ற வேகத்தில் அதே வசனத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கணம் முந்தினால் சிரிப்பு வராது, ஒரு கணம் பிந்தினாலும் வராது. இது பல்லாயிரம் தடவை செய்தவருக்குத்தான் கைவரும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, என் பதிவே அதற்காகத்தான்.

டிஸ்னிலேண்ட் திறந்த அதே 1955-ல் அங்கே வழிகாட்டிப் புத்தகம் விற்கப் பத்து வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். வேலை முடிந்ததும் இந்த அரங்குக்குப் போய்விடுவான். வாலி போக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தான், எந்த இடத்தில் நிறுத்துகிறார், எப்போது கூட்டத்தைப் பார்க்கிறார், எப்போது பார்க்காத மாதிரி இருக்கிறார் என்று மனப்பாடமாகிவிட்டது. அந்தப் பையன்தான் ஸ்டீவ் மார்ட்டின். பிற்காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய நகைச்சுவைக் கலைஞர்களில் ஒருவராக ஆனவர், தன் ஆதர்சம் வாலி போக்தான் என்று வெளிப்படையாகச் சொன்னவர். யாரும் அவரை உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. நிகழ்ச்சி தினமும் நடந்தது, அவர் தினமும் அங்கே இருந்தார், அதுவே போதுமானதாக இருந்தது.

இப்போது நம் நாகர்கோவில் ஒழுகினசேரிக்கு வாருங்கள். 1908-ல் அங்கே பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சின்ன வயதில் என்ன செய்தார்? நாடகக் கொட்டகையில் சோடா விற்றார். அங்கிருந்து வில்லுப்பாட்டுக்கு வந்தார், நாடகத்துக்குப் போனார், அப்புறம் சினிமா. தமிழ்நாடே அவரைப் பார்த்துச் சிரித்தது, சிரித்த பிறகு யோசித்தது. பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு நடுவே நடக்கிற ஒரு பையனின் காதில் ராத்திரிக்கு ராத்திரி அதே நாடகத்தின் வசனமும் கூட்டத்தின் சிரிப்பும் விழுந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த வசனம் எடுபடும், எது எடுபடாது என்று அவனுக்கு உடம்பிலேயே ஏறிவிடும். டிஸ்னிலேண்டில் புத்தகம் விற்ற பையனுக்கும் நாகர்கோவிலில் சோடா விற்ற பையனுக்கும் கிடைத்தது ஒரே பள்ளிக்கூடம். தொடர்ந்து நடந்துகொண்டே இருந்த ஒரு மேடையின் ஓரம்.

ஆகவே ஒரு நிகழ்ச்சி நிற்கும்போது நமக்குக் கிடைக்காமல் போவது நாளைய காட்சி மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்த ஓரத்தில் நின்று கற்றுக்கொண்டிருக்க வேண்டிய ஒருவனோ ஒருத்தியோ கிடைக்காமல் போகிறார்கள், அவர்கள் யாரென்று நமக்குத் தெரியப்போவதும் இல்லை.

யூடியூபில் இருக்கிறதே என்பீர்கள். நானும் பார்த்தவன்தான், அங்கே பார்த்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஆனால் பதிவு செய்தது ஒரு ராத்திரியின் காட்சி. சிரிப்பு வந்த ராத்திரியின் காட்சி. வராத ராத்திரியில் அவர் எப்படிச் சமாளித்தார் என்பது அதில் இருக்காது. கற்றுக்கொள்ள வேண்டியதோ அதைத்தான்.

நம் பக்கத்தில் இது எப்படி நடந்துகொண்டிருக்கிறது என்று பார்ப்போம். கோயில் கொடைவிழாவுக்கு வில்லுப்பாட்டு வைத்தால் ராத்திரி முழுக்கப் பாட்டு நடந்த காலம் ஒன்று இருந்தது. தலைமைப் பாடகரான அண்ணாவி கதையை எடுத்துச் சொல்ல, பின்பாட்டுக்காரர் நடுநடுவே ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேள்வி கேட்டு அவரைக் கேலி செய்ய, குடம் அடிக்கிறவரும் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்ல, தூங்கப் போன கிழவிகூட எழுந்து வந்து உட்காருவாள். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் சமீபத்தில் நான் பார்த்தது வேறு. ஆர்கெஸ்ட்ராவுக்கு மேடை வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் வில்லுக்கு ஒரு மணி நேரம்தான் கொடுத்தார்கள். கதை மட்டும் ஓடியது. பின்பாட்டில் இருந்த அண்ணன் வாயே திறக்கவில்லை. முடிந்ததும் கேட்டேன், "கதைக்கே நேரம் பத்தல தம்பி, இதுல நான் எங்க வாயத் தொறக்க?" என்றார். நேரத்தைக் குறைத்தால் முதலில் போவது சிரிப்புதான். கதையை வெட்ட முடியாது, சாமி வரத்துப் பாட்டை வெட்ட முடியாது, சிரிப்பைத்தானே வெட்டலாம்!

தோல்பாவைக் கூத்தின் நிலைமை இன்னும் மோசம். வீட்டில் மராத்தி பேசுகிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நம் மாவட்டத்தில் தமிழில் நடத்திவந்த கலை அது. ஒரு ஊரில் திரை கட்டி உட்கார்ந்தால் ராமாயணம் முடிய பத்து ராத்திரி ஆகும். எல்லாப் பாவைக்கும் ஒரே ஆள் குரல் கொடுப்பார், ராமனுக்கும் அவர்தான், சூர்ப்பனகைக்கும் அவர்தான். ராமனையும் ராவணனையும் பார்க்கப் போனவர்களைவிடக் கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பார்க்கப் போன பிள்ளைகள்தான் அதிகம் இருந்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்வேன். கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் இரண்டு பேரும் திரைக்குள் புகுந்து, அந்த ஊர்ச் சங்கதியை இழுத்து, அடித்துக்கொண்டு உருண்டு, போய்விடுவார்கள். பத்து ராத்திரி என்றால் ஒரு பிள்ளை அதே இரண்டு பாவைகளைப் பத்து ராத்திரி பார்க்கும். ஏழாவது நாள் அது வீட்டு வேட்டியைக் கட்டி விளக்கு வைத்துத் தானே ஆட்ட ஆரம்பித்துவிடும். இப்போது ஏதாவது விழாவில் அரை மணி நேரம் மாதிரிக் காட்சி நடத்தி, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அரை மணி நேரக் காட்சியைப் பார்த்து எந்தப் பிள்ளை என்னத்தைக் கற்றுக்கொள்ளும்?

பழைய நகைச்சுவையில் இன்று சொல்லக் கூடாதது நிறைய இருக்கிறதே என்று என் தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. நிறத்தை, ஊனத்தை, சாதியை, பெண்களை வைத்துச் செய்த கேலி எல்லாம் போகத்தான் வேண்டும், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. அதற்கு மேடையை மூட வேண்டியதில்லை. அமெரிக்காவின் யுனிவர்சல் பூங்காக்களில் ஹாலோவீன் என்ற பேய்வேஷத் திருவிழாக் காலத்தில் பில் அண்ட் டெட் என்ற நகைச்சுவை நிகழ்ச்சி நடந்துவந்தது, வருஷா வருஷம் அந்த ஆண்டின் சினிமா, செய்தி, பிரபலங்களை வைத்துப் புதிதாக எழுதுவார்கள். ஹாலிவுட் பூங்காவில் 2013-ல் ஒரு காட்சி தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்துகிறது என்று கண்டனம் வந்து, சீசன் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒர்லாண்டோ பூங்காவில் 1992-ல் தொடங்கியது அதற்கப்புறமும் நடந்து, இதுதான் கடைசி வருஷம் என்று முன்கூட்டியே அறிவித்து, 2017-ல் விடைபெற்றது. ரசிகர்கள் வந்து பார்த்து, கைதட்டி அனுப்பிவைத்தார்கள். மாற்றி எழுதவும் வழி இருந்தது, மரியாதையாக முடிக்கவும் வழி இருந்தது. நம் உச்சிக்குடும்பன் ராத்திரிக்கு ராத்திரி மாறுகிறவன்தானே, அவனுக்கு மாறத் தெரியாதா?

நம் கலைஞர்களுக்கு அந்தக் கடைசி வருஷ அறிவிப்புகூடக் கிடைப்பதில்லை. ஒரு வருஷம் அழைப்பு குறையும், அடுத்த வருஷம் இன்னும் குறையும், அப்புறம் குடத்தைத் துணி சுற்றிப் பரணில் வைத்துவிட்டு வேறு கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். கடைசி நிகழ்ச்சி எது என்று நடத்தியவருக்கே தெரியாது, பார்த்தவர்களுக்கும் தெரியாது.

இதற்கு நம்மிடம் ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க எனக்கு மனசில்லை. கோல்டன் ஹார்ஸ்ஷூ முப்பத்தோரு வருஷம் நின்றதற்கு அடிப்படை தினமும் வந்த புதிய கூட்டம். அப்படி ஒரு கூட்டம் நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? கன்னியாகுமரியில். வட இந்தியாவிலிருந்து, கேரளத்திலிருந்து, தமிழ்நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பகலில் படகேறி விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் போகிறார்கள், இரண்டுக்கும் நடுவே போட்ட கண்ணாடிப் பாலத்தில் நடக்கிறார்கள், சாயங்காலம் சூரியன் மறைவதைப் பார்க்கிறார்கள். அதற்கப்புறம்? கடைத்தெருவில் சங்கு, பாசி விலை கேட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். நூறு பேர் உட்காருகிற மாதிரி ஒரு சின்ன அரங்கு, தினமும் சாயங்காலம் முக்கால் மணி நேரம், ஒரு நாள் வில்லு, ஒரு நாள் பாவை. பாவைக்கு மொழி தெரியாதவனும் சிரிப்பான், உளுவத்தலையன் அடி வாங்கி உருள்வதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

கலைஞர்களுக்கு ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று பேரம் பேசாமல் மாசச் சம்பளம் கொடுக்க வேண்டும். இதை ரொம்ப அழுத்தமாகச் சொல்கிறேன். வாலி போக் நாளைக்கு வேலை உண்டா என்று பயந்துகொண்டு அந்தப் பல்லைத் துப்பவில்லை. அரசு செய்யலாம், பேரூராட்சியோ நகராட்சியோ எதுவாக இருந்தாலும் செய்யலாம், ஹோட்டல் முதலாளிகள் சேர்ந்தும் செய்யலாம். பணம் புரட்ட முடியாத அளவுக்கு இது பெரிய செலவு இல்லை. பாறைக்கும் பாலத்துக்கும் வரிசையில் நிற்கிற கூட்டத்தில் சின்னப் பங்கு வந்தாலே அரங்கு நிறையும்.

இன்னொன்று, அரங்கின் கதவை உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சும்மா திறந்துவிட வேண்டும். கொட்டாரம், அஞ்சுகிராமம், சுசீந்திரம் பக்கத்துப் பிள்ளைகள் சாயங்காலம் வந்து தரையில் உட்கார்ந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் பார்க்கட்டும், டிக்கெட் கேட்காதீர்கள்.

கோயில் கமிட்டிகளில் இருக்கிறவர்கள் என் நட்புப் பட்டியலிலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அரங்கு வரும்போது வரட்டும். அடுத்த கொடைக்குக் கணக்குப் போட உட்காரும்போது வில்லுக்கு எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், ஒரு மணி நேரம் என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். பின்பாட்டுக்காரர் பேசவும் நேரம் ஒதுக்குங்கள், ஆர்கெஸ்ட்ராவை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.