சூப்பர்ஹீரோக்கள் அரசை எதிர்த்தது 2006-இல் தொடங்கவில்லை

“காமிக்ஸ் ஹீரோக்கள் அரசை எதிர்த்ததே இல்லை, 2006-இல் வந்த ‘சிவில் வார்’ காமிக்ஸ்தான் முதல்முறை” என்றொரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அது தவறு.

1981-இல் வெளியான ‘அன்கேனி எக்ஸ்-மென்’ 141, 142 இதழ்களைப் பாருங்கள். அரசு களமிறக்கிய சென்டினல் ரோபோக்கள் மியூட்டன்ட்களை (பிறவியிலேயே அபூர்வ சக்தி உள்ளவர்களை) வேட்டையாடி, மிஞ்சியவர்களை முகாமில் அடைத்துவிட்ட எதிர்காலம் அதில் வருகிறது. அதைத் தடுக்க, மியூட்டன்ட் ஹீரோக்களான எக்ஸ்-மென் என்ன செய்கிறார்கள்? மியூட்டன்ட்களுக்கு எதிராகப் பேசும் செனட்டர் கெல்லி கொல்லப்படுவதுதான் அந்த எதிர்காலத்துக்கு வழிவகுக்கும் என்பதால், அவர் உயிரையே காப்பாற்றுகிறார்கள்! பகைவனையும் காக்கும் அந்தப் பொறுப்புதான் என்னைப் பொறுத்தவரை கதையின் உயிர்.

அதற்கும் முன்பே, 1974-இல், அரசின்மேல் நம்பிக்கை இழந்த கேப்டன் அமெரிக்கா தன் பெயரையே துறந்தார்.

மறுபதிப்புத் தொகுப்புகளில் இதழ் எண்ணும் ஆண்டும் அச்சாகியிருக்கும், யாரும் சரிபார்க்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.