மன்னிப்பை நாங்க கேட்கணுமாம்!

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எந்த வீடியோவைச் சொல்கிறேன் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் யாராவது இன்பாக்ஸில் தள்ளிவிட்டிருப்பார்கள். பேரெல்லாம் வேண்டாம், அண்ணன் பெரிய சேனல். இருபது நிமிடம் சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேமைப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் கேமராவை நேராகப் பார்த்துச் சொல்கிறார்: "2020-ல இந்த கேமைக் கழுவிக் கழுவி ஊத்துனீங்கள்ல, எல்லாரும் இப்ப வந்து மன்னிப்புக் கேளுங்க நண்பா."

அதாவது மன்னிப்புக் கேட்க வேண்டியது விற்றவன் இல்லையாம், காசு கொடுத்து வாங்கியவனாம். கீழே ஒரே ஹார்ட் மழை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமென்ட்டில் அதையே பிடித்துத் தொங்குவீர்கள். கேம் இப்போது நன்றாக இருக்கிறது. 2.0 அப்டேட் வந்த பிறகு பிசியில் வாங்கி விளையாடினேன். கேமில் வரும் நைட் சிட்டி நகரத்தில் மழை பெய்யும்போது மிஷனையெல்லாம் போட்டுவிட்டு சும்மா பைக்கில் சுற்றியிருக்கிறேன். அதில் வரும் ஜூடி என்ற பாத்திரத்தின் கதை முடிந்த ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. அதனால் "உனக்கு அந்த கேமே பிடிக்காது" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

இன்றைக்கு நன்றாக இருக்கிறது, உண்மை. அன்றைக்குக் குறையை மறைத்து விற்றார்கள், அதுவும் உண்மை. இது எப்படி அதை அழிக்கும்? இந்தப் பதிவு முழுக்க இதையேதான் கேட்கப்போகிறேன், போரடித்தால் நகர்ந்துவிடுங்கள்.

அண்ணனுக்கு மறந்துபோயிருக்கலாம். 2012-ல் சிடி ப்ராஜெக்ட் என்ற போலந்து கம்பெனியின் அறிவிப்பு. 2013 ஜனவரியில் டீசர். 2018-ல் 48 நிமிட கேம்பிளே வீடியோ. 2019 ஜூனில் இ3 என்ற கேம் கண்காட்சி மேடையில் ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸே வந்து 2020 ஏப்ரல் 16 என்று தேதி சொன்னார். நம் ஊரில் அப்போது நடுராத்திரி தாண்டிவிட்டது, மறுநாள் ஆபீஸ் இருந்தும் கண்ணைக் கசக்கிக்கொண்டு லைவ் பார்த்தவர்களில் நானும் ஒருத்தன். ஏப்ரல் செப்டம்பர் ஆனது. செப்டம்பர் நவம்பர் ஆனது. அக்டோபர் தொடக்கத்தில் 'கோல்டு' ஆகிவிட்டது, அதாவது டிஸ்க் அடிக்கத் தயார் என்றார்கள், சரி இனி மாறாது என்று நம்பினோம். அதே மாதக் கடைசியில் மறுபடி மாறியது. ஒருவழியாக டிசம்பர் 10. அதற்குள் எண்பது லட்சம் ப்ரீ-ஆர்டர்.

எட்டு வருஷம் பத்திரிகை வைத்து அழைத்த கல்யாணம் இது. பந்தி எப்படி நடந்தது தெரியுமா? முதல் பந்தியில் விமர்சகர்களை உட்கார வைத்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது பிசி பதிப்பு மட்டும். கேம் வெளிவரும்வரை தாங்களே பதிவு செய்த காட்சியைக் காட்டக்கூடாது, கம்பெனி கொடுத்த கிளிப்பைத்தான் போட வேண்டும் என்று நிபந்தனை. வடை பாயாசத்தோடு சாப்பிட்டவர்கள் வெளியே வந்து "சமையல் பிரமாதம்" என்றார்கள், அவர்கள் மேலும் தப்பில்லை. அதை நம்பிக் கடைசிப் பந்தியில் வந்து உட்கார்ந்தவன் பிஎஸ் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற பழைய கன்சோல்களை வைத்திருந்தவன். அவன் இலைக்கு வந்தது தண்ணீர் ரசம். முகத்தில் டெக்ஸ்சர் வராத மனிதர்கள், திடீரென்று காணாமல் போகும் கார்கள், கிராஷ். விமர்சகர்களின் மதிப்பெண்ணைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் பிசிக்கு 86, பிஎஸ் 4-க்கு 57. ஒரே கேம், ஒரே மொய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 டிசம்பர் 10 அன்று பிஎஸ் 5 இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. 2021 பிப்ரவரி 2-ல்தான் வந்தது. அன்றைக்கு நம் ஊர்க் கடையில் பிளேஸ்டேஷனுக்கு என்று டிஸ்க் வாங்கியவன் எல்லாருமே பிஎஸ் 4-காரன்தான், வேறு வழியே கிடையாது. "பழைய மெஷின்ல போட்டா அப்படித்தான் ஓடும்" என்று அண்ணன் சிரிக்கிறாரே, அந்தப் பழைய மெஷினின் பெயரைப் பெட்டியின் மேல் அச்சடித்து விற்றது யார்?

வெளியாவதற்குச் சில வாரம் முன்னால் முதலீட்டாளர்களிடம் பேசும்போது கம்பெனியின் அப்போதைய தலைவர்களில் ஒருவரான ஆடம் கிச்சின்ஸ்கி, அந்தப் பழைய கன்சோல்களில்கூட ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக ஓடுகிறது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். ஒரு வாரம்கூட மறையவில்லை. சோனி தன் கடையிலிருந்தே கேமைத் தூக்கிவிட்டு ரீஃபண்ட் கொடுத்தது. திரும்ப வந்தது 2021 ஜூன் 21-ல். விற்றால் தனக்கும் பங்கு வரும் கடைக்காரன், இந்தச் சரக்கே வேண்டாம் என்று எடுத்து வெளியே வைக்கிறான். சோனியையும் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்களேன் அண்ணே, ஏன் எங்களோடு நிறுத்திக்கொண்டீர்கள்?

எனக்கு ரொம்ப வலித்த இடம் வேறு. 2021 ஜனவரியில் இணை நிறுவனர் மார்ச்சின் இவின்ஸ்கி ஒரு வீடியோ போட்டார். நிதானமாகப் பேசினார், டெவலப்பர்கள் மேல் பழி போடாதீர்கள், முடிவு எங்களுடையது என்றார், நல்லது. ஆனால் நடுவில் ஒன்று சொன்னார்: நீங்கள் சந்தித்த பிரச்சினைகளில் பெரும்பகுதி எங்கள் டெஸ்டிங்கில் தென்படவில்லை.

நான் நாலு வருஷம் ஓஎம்ஆரில் டெஸ்டராக இருந்தவன். அந்த வரியைக் கேட்டபோது வயிற்றில் என்னவோ செய்தது. எங்கள் பிராஜெக்ட்டில் ஒரு பேமென்ட் ஸ்கிரீன், இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு தடவை பணம் போகும். பதினொரு நாளுக்கு முன்னாலேயே பக் போட்டிருந்தேன், ஸ்கிரீன்ஷாட்டோடு. சிவியாரிட்டி ஒன்று, அதாவது ரொம்பத் தீவிரம் என்று நான் போட்டதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று ஆக்கி, 'நோன் இஷ்யூ' (தெரிந்த பிரச்சினைதான்) என்று எழுதி, ரிலீஸ் பண்ணினார்கள். திங்கட்கிழமை கிளையன்ட் கால். "டெஸ்டிங்ல இது ஏன் பிடிபடல?" மேனேஜர் மைக்கை மியூட் செய்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் போட்ட அந்த பக்கின் டிக்கெட் நம்பர் எனக்கு மனப்பாடம். சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷம் இன்கிரிமென்ட்டும் இல்லை, அது தனிக் கதை.

அதனால் டெஸ்டிங்கில் தெரியவில்லை என்று மேலே இருக்கிறவர்கள் சொன்னால் என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கம்பெனிக்குள் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லைதான். ஆனால் இவின்ஸ்கி வீடியோவுக்கு ஒரு மாதம் முன்னால் அதே கிச்சின்ஸ்கி முதலீட்டாளர்களிடம் என்ன சொன்னார்? பழைய கன்சோல்களுக்கு இன்னும் அவகாசம் வேண்டும் என்று வந்த அறிகுறிகளை நாங்கள் கண்டுகொள்ளாமல் விட்டோம், அது தவறு என்றார். பங்கு வாங்கியவனிடம் அறிகுறி வந்தது என்று சொல், கேம் வாங்கியவனிடம் டெஸ்டிங்கில் தெரியவில்லை என்று சொல். கட்டாய ஓவர்டைம் இருக்காது என்று 2019-ல் வாக்குக் கொடுத்துவிட்டு 2020 செப்டம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று மாற்றியதும் இதே தலைவர்கள்தான். சரி, அந்தப் பக்கம் போனால் நான் திரும்பி வர மாட்டேன்.

"அதான் சரி பண்ணிட்டாங்கள்ல?"

யாருக்கு? அண்ணன் வீடியோவில் வாயே திறக்காத விஷயம் இது. 2023 செப்டம்பர் 21-ல் வந்த 2.0 அப்டேட், போலீஸ், பெர்க், சண்டை என்று எல்லாவற்றையும் புதுசாக மாற்றிய, இன்றைக்கு எல்லோரும் கொண்டாடுகிற அந்த அப்டேட், பிஎஸ் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வரவே இல்லை. ஃபேண்டம் லிபர்ட்டி என்று தனியாகக் காசுக்கு விற்ற கூடுதல் கதையும் வரவில்லை. அவர்களுக்கு 1.6 வரிசை அப்டேட்களோடு கடையை மூடிவிட்டார்கள். யார் அடிவாங்கினானோ அவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் பரிகாரம் நடந்திருக்கிறது. என்னை மாதிரி மூன்று வருஷம் கழித்து ஆற அமர வாங்கினவனுக்குப் பாயாசம். முதல் நாள் முழு விலை கொடுத்தவனுக்கு அதே ரசம், கொஞ்சம் சூடு பண்ணி. அவனைப் பார்த்தா மன்னிப்புக் கேள் என்கிறீர்கள்?

"பிஎஸ் 5 பதிப்புக்கு அப்கிரேட் ஃப்ரீதானே ப்ரோ." ஃப்ரீதான். கன்சோல்தான் இந்தியாவுக்கு வந்தபோது 49,990 ரூபாய். செருப்பு இலவசம், காலைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"ரீஃபண்ட் கொடுத்தாங்களே." டிஜிட்டலில் வாங்கியவனுக்கு சோனி கொடுத்தது. டிஸ்க் வாங்கியவன் முதலில் கடைக்காரனிடம் போக வேண்டும், நடக்காவிட்டால் கம்பெனிக்கு மெயில் போட வேண்டும், அதற்கும் டிசம்பர் 21 வரைதான் கெடு. பிரித்த டிஸ்க்கை நம் ஊரில் எந்தக் கடைக்காரன் திரும்ப வாங்கி நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

"டெவலப்பர்களுக்குக் கொலை மிரட்டல் விட்டாங்களே, அது சரியா?" சரியில்லை. கேவலம். செய்தவன் எவனோ அவனைப் பிடித்து உள்ளே போடுங்கள். ஆனால் அந்த நாலு பொறுக்கிகளைக் காட்டி மீதி லட்சக்கணக்கானவர்கள் வாயை அடைப்பது பழைய தந்திரம்.

"ஹைப்பை ஏத்திக்கிட்டது நீங்கதானே?" இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம்தான். ஏற்றியவர்களில் அண்ணனும் உண்டு. "கண்ண மூடிட்டு ப்ரீ-ஆர்டர் போடுங்க நண்பா" வீடியோ இப்போது சேனலில் தேடினால் கிடைக்காது.

நோ மேன்ஸ் ஸ்கை என்ற இன்னொரு கேமின் கதையைத் தூக்கிக்கொண்டு சிலர் வருவார்கள். வரட்டும். 2016 ஆகஸ்டில் அந்த கேம் வந்த முதல் நாளே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்தில் நின்றும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியவில்லை. அதற்கும் இதே மாதிரி கத்தினோம். அந்தச் சின்ன டீம் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது. அப்டேட்டுக்கு மேல் அப்டேட், எல்லாம் இலவசம், அதே பிஎஸ் 4-க்கும் சேர்த்து. அவர்கள் யாரும் எங்களை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை.

அடுத்த அம்பு எனக்குத் தெரியும். "2020-ல நீ வாங்கவே இல்லையே, உனக்கு ஏன் எரியுது?" வாங்கவில்லைதான். ஏற்கெனவே சூடுபட்ட பூனை நான். முதல் சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரிச்சி தெருவில் ஒரு கேம் டிஸ்க் வாங்கினேன். எந்த கேம் என்பது வேண்டாம், டிரெய்லரில் காட்டியதில் கால்வாசிகூட உள்ளே இல்லை. அடுத்த ஞாயிறு திரும்ப எடுத்துக்கொண்டு போனால், "சீல் உடைச்ச டிஸ்க்கை எடுக்க மாட்டோம் தம்பி" என்று கடைக்கார அண்ணன் பாவமாகச் சொன்னார். அப்பா போனில் "முதல் சம்பளத்துல உனக்குன்னு என்னடா வாங்கிக்கிட்ட?" என்று கேட்டார். ஹார்டு டிஸ்க் என்று பொய் சொன்னேன். பணம் போனது பெரிசில்லை. ஏமாந்துவிட்டேன் என்று சொல்லி அழக்கூட ஆளில்லை. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: "வெறும் கேம்தானேடா."

அதே அப்பாதான், நான் ஆறாவது படிக்கும்போது, மதுரையில் வாங்கின கிரைண்டரில் கல் சரியில்லை, இட்லியில் மணல் கடிபடுகிறது என்று சொல்லி, அதைச் சாக்கில் கட்டி உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனார். ஒரு சனிக்கிழமை இல்லை, மூன்று சனிக்கிழமை. கடை வாசலில் பில்லை நீட்டிக்கொண்டு நின்றார். நாலாவது வாரம் புதுக் கல் வந்தது. தெருவே அவரைப் பாராட்டியது. அந்தக் கடைக்காரன் கல்லை மாற்றிக் கொடுத்தான் என்பதற்காக, அப்பா போய் அன்றைக்குக் கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் கேட்கச் சொல்லவும் இல்லை. கத்தினதால்தான் கல்லே வந்தது என்று ஆறாவது படிக்கிற எனக்கே தெரிந்திருந்தது.

கிரைண்டருக்கு நின்றால் விவரமானவன், கேமுக்கு நின்றால் டாக்ஸிக். அண்ணே, உங்களுக்கு கேம் சோறு போடுகிறது, நீங்களே "வெறும் கேம்தானே" பக்கம் போய் நின்றால் நாங்கள் எங்கே போவது?

கடைசியாக, "முழுசா விளையாடிப் பாத்துட்டுப் பேசு" என்று வரப்போகிறவர்களுக்கு: 143 மணி நேரம். ஸ்கிரீன்ஷாட் முதல் கமென்ட்டில். ஆமாம், ஃபேண்டம் லிபர்ட்டியும் காசு கொடுத்துதான் வாங்கினேன். சிரிக்காதீர்கள்.