தோற்கட்டும் என்று என்னால் நினைக்க முடியவில்லை

போன ஞாயிறு பின்னேரம் சிகாகோவில் என்.பி.ஏ. கூடைப்பந்து டிராஃப்ட் லொத்தர் முடிந்து, எங்கள் ரொறன்ரோ ராப்டர்ஸ் எட்டாம் இடத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்த நிமிடத்திலிருந்து எங்கள் மச்சான்மார் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த செய்திகளை நான் இன்னும் முழுதாக வாசிக்கவில்லை. வாசிக்க மனம் வரவில்லை. கொஞ்ச நாளாக மனதில் கிடப்பதை இங்கே எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் வரும்.

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. புதிதாக வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தெரிவு செய்வதுதான் டிராஃப்ட். அந்த வரிசையின் முன் இடங்களைக் குலுக்கிப் போடுவது லொத்தர், அதிகம் தோற்ற அணிகளுக்கு அதில் வாய்ப்பு அதிகம். போன வருடம் பெப்ரவரியில் சான் அன்டோனியோ அணியிடமிருந்து யாகொப் பேர்ட்டல் என்ற வீரரை வாங்கியபோது, ரொறன்ரோ தன் 2024 முதல் சுற்றுத் தெரிவைக் கொடுத்தது. ஒரு நிபந்தனை இருந்தது. அந்தத் தெரிவு முதல் ஆறு இடத்துக்குள் விழுந்தால் எங்களிடமே இருக்கும், ஏழாவதாகப் போனால்கூட அவர்களுக்கு. இந்த சீசன் 25 வெற்றி, 57 தோல்வி. கடைசியிலிருந்து ஆறாவது அணி. ஆகவே தெரிவு எங்களிடம் நிற்க 45.8 வீத வாய்ப்பு. கடைசியிலிருந்து பத்தாம் இடத்தில் நின்ற அட்லாண்டா முதலாவதாக ஏறியது, புரூக்ளினின் தெரிவைக் கையில் வைத்திருந்த ஹூஸ்டன் மூன்றாவதாக ஏறியது, நாங்கள் இரண்டு படி கீழே தள்ளப்பட்டோம். தெரிவு போய்விட்டது.

அந்த நாள் மே 12. ஐந்து வருடத்துக்கு முன்பு, 2019இல், இதே மே 12, அதுவும் அன்னையர் தின ஞாயிறுதான், ஸ்காபரோவில் அத்தை வீட்டு பேஸ்மென்ட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதினான்கு பேர் நின்றோம். பிலடெல்பியாவுக்கு எதிரான, வென்றவர் மட்டும் முன்னேறும் ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் எங்கள் கவாய் லெனர்ட் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நாலு தரம் துள்ளி உள்ளே விழுந்தது. 92-90. அத்தை பருப்புச் சட்டியை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு அழுதார். அவருக்கு அதுவரைக்கும் மூன்று புள்ளி என்றால் என்ன என்றே தெரியாது.

சரி, தெரிவு போனதற்காக நான் இதை எழுதவில்லை. அது குலுக்கல், எப்படியும் விழலாம். என்னை வருத்துவது மார்ச் மாதத்திலிருந்து எங்கள் ஆட்களே எங்கள் அணி தோற்கவேண்டும் என்று ஆசைப்படத் தொடங்கியது.

மார்ச் 1ஆம் தேதி எங்கள் நட்சத்திர வீரர் ஸ்கொட்டி பார்ன்ஸின் கை முறிந்தது. சில நாளில் பேர்ட்டலும் விரல் காயத்தோடு வெளியே. அதற்குப் பிறகு தொடர்ச்சியாக 15 தோல்வி. ஏப்ரல் 5ஆம் தேதி மில்வாக்கியில், அவர்களுடைய பெரிய நட்சத்திரம் யானிஸின் ஊரில், பாதி அணி கூட இல்லாமல் போய் 117-111 என்று வென்றார்கள். நான் சோபாவிலிருந்து எழும்பிக் கத்தினேன், மகள் பயந்து மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். போனைத் திறந்தால் குழுவில் முதல் செய்தி: "ஏன்ரா இப்ப போய் வெண்டவங்கள்?" அதற்குக் கீழே ஆறு பேர் தலையில் கை வைத்த படங்கள்.

ஆறு பேரும் 2019இல் எங்கள் அணி சம்பியனானபோது என்னோடு ஊர்வலத்தில் நடந்தவர்கள்.

கணக்கையே பார்ப்போம், அவர்கள் கணக்குத்தானே பேசுகிறார்கள். மில்வாக்கியில் ஒன்று, இரண்டு நாள் கழித்து வொஷிங்டனுக்கு எதிராக ஒன்று, இந்த இரண்டையும் தோற்றிருந்தால் 23 வெற்றி. எங்களுக்குக் கீழே நின்ற சான் அன்டோனியோவுக்கு 22. அப்போதும் நாங்கள் அதே ஆறாம் இடம்தான், அதே 45.8 வீதம்தான். அந்த இரண்டு வெற்றியும் எங்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு இரவிலும் சந்தோஷப்பட மறுத்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் திரும்பக் கிடைக்காது.

நிர்வாகம் என்ன செய்யவேண்டும் என்பது வேறு கதை. அப்போது நிர்வாகத்தை நடத்திய மசாய் உஜிரி எதிர்காலத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டியிருந்தது, வீரர்களை மாற்றத்தான் வேண்டியிருந்தது, அதில் எனக்குச் சண்டை இல்லை. சொல்லப்போனால் அதைத் தாமதமாகச் செய்தார்கள் என்பதுதான் என் கோபம். 2023 பெப்ரவரியிலேயே முடிவெடுத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு தெரிவைக் கொடுத்துப் பேர்ட்டலை வாங்கினார்கள், அந்தக் கோடையில் எங்கள் ஃப்ரெட் வான்வ்லீட் ஹூஸ்டனுக்குப் போனபோது பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இதையெல்லாம் நான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அணியோடு நிற்பவன் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. திட்டலாம், ரீவியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போகலாம், பயிற்சியாளர் ராயகோவிச்சின் ஆட்ட மாற்றங்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் வாதிடலாம். ஆனால் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பெடியன் ஃப்ரீ த்ரோ எறியும்போது அது வெளியே போகட்டும் என்று நினைக்க என்னால் முடியாது. அந்தப் பெடியன் பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்தவனாக இருக்கலாம். அவனுக்கு அந்த இரவுதான் பரீட்சை.

டிசம்பர் 30 ஞாபகம் இருக்கிறதா? அன்றுதான் எங்கள் வீரர் ஓஜி அனுனோபியை நியூயோர்க்குக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவே டெட்ரோயிட்டில் ஆட்டம். டெட்ரோயிட் அப்போது 28 ஆட்டம் தொடர்ச்சியாகத் தோற்றிருந்தது, அந்தத் தொடரை முடிக்க அவர்களுக்குக் கிடைத்தது நாங்கள். 129-127. உலகமே எங்களைப் பார்த்துச் சிரித்தது. எனக்கும் எரிந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் திரையில் அந்த டெட்ரோயிட் சனத்தைப் பார்த்தேன். இரண்டு மாதமாக ஒரு வெற்றியும் காணாமல் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் கட்டிப்பிடித்ததைப் பார்த்தபோது, இவர்களை எனக்குத் தெரியும் என்றுதான் தோன்றியது.

ஏனென்றால் நான் இந்த அணியைப் பிடித்துக்கொண்டதே அப்படி ஒரு காலத்தில்தான். 1996இல் வந்து இறங்கினோம், எனக்குப் பதினொரு வயது. 1997-98 சீசனில் ராப்டர்ஸ் வென்றது வெறும் 16 ஆட்டம். அதில் 17 தொடர் தோல்வியும் அடக்கம், இன்றைக்கும் அணியின் மோசமான தொடர் அதுதான். அப்பா இரவு வேலைக்குப் போகும்முன் ஒரு நாள் என்னை ஸ்கைடோமுக்குக் கூட்டிப்போனார், ஆகக் கடைசி வரிசை, ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிந்தார்கள். தோற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் நான், வகுப்பில் எல்லாரும் சிகாகோவுக்குத்தான் ஆதரவு, நானும் மாறப்போகிறேன் என்றேன். அப்பா ஊரில் கரப்பந்தாட்டம் விளையாடியவர், அவருடைய கழகம் எத்தனையோ தரம் இறுதியாட்டம் வரை வந்து தோற்றது. அவர் கேட்டார்: "எங்கட கழகம் தோத்தா அடுத்த ஊருக்குப் போய்க் கை தட்டுறதோ?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மாறவில்லை. வின்ஸ் கார்ட்டர் போனபோதும், பொஷ் போனபோதும், லெப்ரோன் மூன்று வருடம் தொடர்ந்து எங்களை வெளியேற்றியபோதும் மாறவில்லை. பெருந்தொற்றில் எங்கள் அணி டாம்பாவில் போய் "சொந்த மைதானம்" என்று ஆடியபோதும் பார்த்தேன். 2019இல் புதிதாக வந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அத்தையும் அப்போதுதான் வந்தார், இன்றைக்கும் பார்க்கிறார்.

இன்னொன்று. தோற்கிற அணியைப் பார்க்காமல் விட்டவர்களுக்கு இந்த வருடம் என்ன நடந்தது என்றே தெரியாது. கிரேடி டிக் என்ற பெடியன், போன டிராஃப்ட்டில் 13ஆவது தெரிவு, ஆரம்பத்தில் பந்து ஒன்றும் விழவில்லை, மிசிசாகாவில் ஆடும் எங்கள் இரண்டாம் நிலை அணியான 905க்கு அனுப்பினார்கள். எல்லாரும் கைவிட்ட பெயர். திரும்பி வந்தவன் வேறு ஆளாக வந்தான், தோளை நிமிர்த்தி எறிந்தான், பந்தில்லாமல் ஓடும் ஓட்டமே மாறிவிட்டது. மார்ச் மாதத்து அந்தக் கேவலமான ஆட்டங்களுக்குள்தான் அவன் வளர்ந்தான். இமானுவல் குவிக்லி உள்ளே நுழைந்து தடுப்பவன் கைக்கு மேலால் மெல்லத் தூக்கிப்போடும் பந்தை என் மகள் வீட்டு முன்வளையத்தில் தினமும் பழகுகிறாள். அவளுக்கு எட்டு வயது. அவளுக்கு 2019 தெரியாது, இந்த 57 தோல்விதான் அவளுடைய ராப்டர்ஸ்.

ஞாயிறு லொத்தர் முடிந்த கையோடு அதே சனலில் இந்தியானா - நியூயோர்க் ஆட்டம் தொடங்கியது. ஜனவரியில் நாங்கள் இந்தியானாவுக்குக் கொடுத்த சியாகம் ஒரு பக்கம், ஓஜி மறுபக்கம் காயத்தோடு. நான் ரீவியை நிறுத்தப் போனேன். அப்பா விடவில்லை. கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சியாகமைக் காட்டி மகளிடம், "இவன் எங்கட பெடியன்" என்றார். ஏன் அப்போ வேறு அணியின் சட்டை போட்டிருக்கிறான் என்று அவள் கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை, அவன் பந்தைப் போட்டதும் கை தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் திரும்பி, எங்களுக்கு அடுத்த மேட்ச் எப்போ என்றார்.

ஒக்டோபர், அப்பா.