ஏசியைக் கழட்டிப் போட்ருங்கன்னு சொல்ற மகராசங்களுக்கு

ஏனுங்க, பழைய வண்டின்னா ஏசி இருக்கக்கூடாதுன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கா? நம்மகிட்ட இருக்கறது 2011 மாடல் டபுள் கேபின் பிக்கப், போர் மோட்டார் தூக்கற இறக்கற வேலை, பின்னாடி பைப்பு, கேபிள், செயின் பிளாக்கு, உள்ள நாலு ஆளு. ஓடறது பூரா தென்னிலை, அரவக்குறிச்சி, கரூர் பரமத்தி பக்கம். கோடைல எங்க எத்தனை டிகிரின்னு டிவில லிஸ்ட் போட்டா கரூர் பரமத்தி பேரைத் தேடவே வேண்டாம், மேலயே நிக்கும். கண்ணாடியை இறக்குனா கிரஷர் தூசி, ஏத்துனா வேகுது. இதுல ஏசி ரிப்பேருன்னு போனா "மோட்டார் ஏத்தற வண்டிக்கு எதுக்குண்ணே ஏசி, கழட்டிருங்க, மைலேஜாவது கெடைக்கும்"ங்கறான். சொல்றவன் தலைக்கு மேல ஃபேன் ஓடிட்டு இருக்கு.

மைலேஜாம். ஏசி சுவிட்சை ஆஃப் பண்ணாலே கம்ப்ரஸரைப் புடிச்சிருக்கற கிளட்ச் விட்ரும், கேஸை அமுக்கித் தள்ற அந்த கம்ப்ரஸர் நின்னுரும், வெறும் புல்லி மட்டுந்தான் பெல்ட்டுல சும்மா சுத்தும். அதைக் கழட்டி எத்தனை கிலோமீட்டர் மிச்சம் புடிக்கப் போறோம்?

சரி கழட்ட வேண்டாம், ரிப்பேர் பண்ணுங்கன்னா அடுத்த கூத்து. "கேஸ் தீர்ந்துருச்சுண்ணே." கேஸ் என்ன டீசலா, ஓட ஓடத் தீர்றதுக்கு? மூடுன லைனுக்குள்ள சுத்திட்டு இருக்கறது அது, கொறைஞ்சா எங்கயோ லீக்குன்னு அர்த்தம். அந்த லீக்கைத் தேடுய்யான்னா தேட மாட்டான், 1,800 வாங்கிட்டு கேஸ் ஏத்தி, பைப்பைக் கையால தொட்டுப் பார்த்து "ஜில்லுனு ஆயிருச்சுண்ணே"ம்பான். எத்தனை கிராம் புடிக்கும்னு பானெட்டுக்குள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, அதை ஒருத்தன் குனிஞ்சு படிச்சு நான் பார்த்ததில்ல. தராசும் இல்ல, வேக்கம் பம்பு இருக்கு ஆனா அதை அரை மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்திட்டு, கேஜ் முள்ளு நிக்குதா ஏறுதான்னு பாக்கப் பொறுமை இல்ல. கேஸ் கசியற எடத்துல ஆயிலும் சேர்ந்து கசியும், அது மேல தூசி ஒட்டி கருப்பா பிசுபிசுன்னு நிக்கும், கம்ப்ரஸருக்குப் போற ஹோஸ் ஜாயின்ட்டுல அப்படித்தான் நிக்குது, டார்ச் அடிச்சு நானே காட்டுனேன். ஜாயின்ட்டுல இருக்கற ரப்பர் வளையம், ஒரு ஓ ரிங்கு மாத்தற வேலையா இருக்கலாம். "அது பழைய அழுக்குண்ணே"ன்னுட்டுப் போயிட்டான்.

அப்புறம் அந்த கர்ர்ர்னு சத்தம். ஏசி ஆஃப்ல இருக்கறப்பவும் கேக்குது. ஆஃப்ல கம்ப்ரஸர் சுத்தவே சுத்தாது, அப்ப சத்தம் போடறது மொதல்ல எதுவா இருக்கும், புல்லி பேரிங்தானே? இவன் கேட்ட ஒடனே "கம்ப்ரஸர் அவுட்டு, 24,000 ஆகும், இந்த வண்டிக்கு அவ்வளவு போடறது வேஸ்ட்டு, கழட்டிருங்க". மறுபடியும் கழட்டிருங்க! பேரிங் வெலை என்ன, கம்ப்ரஸர் வெலை என்ன!

கழட்டவே கூடாதுன்னு நான் ஒண்ணும் அடம்புடிக்கல. கம்ப்ரஸர் உள்ள ஒடைஞ்சு, ஆயில்ல மினுமினுன்னு இரும்புத்தூள் வந்துச்சுன்னா அது லைன் பூரா பரவியிருக்கும், கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சற டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாத்துக்கும் செலவு வெச்சிரும், அப்ப நானே கும்பிடு போட்ருவேன். கூலிங் காயில் ஓட்டைன்னாலும் டாஷ்போர்டு மொத்தத்தையும் பிரிக்கணும், யோசிக்கத்தான் வேணும். ஆனா அதெல்லாம் லைனுக்குள்ள நைட்ரஜன் அடிச்சு, சோப்புத் தண்ணி போட்டு எங்க நுரைக்குதுன்னு பார்த்து, ஆயிலைப் பார்த்து சொல்ல வேண்டியது. மூஞ்சியையும் மாடலையும் பார்த்து சொல்றதா?

பக்கத்து தோட்டத்துக்காரர் வண்டியில ஏசியைக் கழட்டறேன்னு ஸ்க்ரூ டிரைவரை வால்வுல குத்தி ஷ்ஷ்ஷ்னு மிச்ச கேஸைக் காத்துல விட்டு, பைப்பு வாயைக்கூட மூடாம தொங்க விட்டுட்டாங்க. ஈரக்காத்து போனா டிரையர் காலி, உள்ள இருக்கற ஆயிலும் தண்ணியை இழுத்துக்கும், நாளைக்கு மாட்டணும்னாலும் வழியில்ல. ஐப்பசி மழைல கண்ணாடி பனி மூட்டம் போட்டப்பதான் அவருக்கு ஏசியோட அருமை தெரிஞ்சுது, ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில பேப்பர்.

இதுல கவர்மென்ட்டு வேற, 2025 அக்டோபர் 1ல இருந்து தயாராகுற லாரிக்கு, 3.5 டன்னுக்கு மேலன்னா, கேபின்ல ஏசி கட்டாயம்னு சொல்லிருச்சு. நல்ல விஷயம்தான். புது லாரி டிரைவருக்கு வேர்க்கும், பழைய வண்டிக்காரனுக்கு மட்டும் வேர்க்காதாக்கும்.

இப்போதைக்கு ஏசி பெல்ட்டை மட்டும் கழட்டி வச்சிருக்கேன், நல்லவேளை தனி பெல்ட்டு, சத்தம் நின்னுருச்சு. இப்ப சொல்லுங்க, பேரிங்கா இல்லையா? பேரிங்கும் ஓ ரிங்கும் மாத்தி நைட்ரஜன் டெஸ்ட் பண்ணித் தர்ற ஆளு ஈரோட்டுல இருந்தாலும் வண்டியைக் கொண்டுட்டு வர்றேன். கழட்டிருங்கன்னு சொன்ன தம்பி நேத்து போன் பண்ணி "பழைய கம்ப்ரஸரும் கண்டென்சரும் நானே எடுத்துக்கறேண்ணே, 500 ரூவா தர்றேன்"ங்கறான். அலுமினியம் என்ன வெலை போகுதுன்னு எனக்குத் தெரியாதாடா?